ஒரு குழாய் பொய் சொன்னாலும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுதும் ஒரே தீயில், ஒரே தண்ணீரில் வெந்தது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். மனிதர்கள் அப்படி ஒரே பதமாக வெந்தவர்கள் அல்லர். நூறு பேரில் ஒருவருக்கு நோய்க்கிருமி இருந்தால், யாராவது ஒருவரைச் சோதித்துவிட்டு மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பழமொழியைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு வழி கிடைக்கிறது. பருக்கையைக் கொண்டு பானையை அறிவதற்குப் பதில், பானையைக் கொண்டு பருக்கையை அறிவது. அதாவது, பலருடைய மாதிரிகளை ஒரே குழாயில் கலந்து ஒரே சோதனை செய்து, அதிலிருந்து நோயுள்ளவர் யார் என்று கண்டுபிடிப்பது. இதற்குக் குழுச் சோதனை என்று பெயர்.

கோவிட் காலத்தில் இதைப் பற்றி நாம் எல்லோரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டோம். ‘செலவைக் குறைக்கும் தந்திரம்’ என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சோதனைகளில் ஒன்று தவறான விடை தந்தாலும் சரியான ஆளைக் கண்டுபிடிக்கும்படி குழுக்களை அமைக்க முடியும். அதற்கு வேண்டியது கூட்டலும் கிழமைக் கணக்கும்தான். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தால் நன்றாக விளங்கும்.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் நிக்டியில் இருப்பவன். மருத்துவம் என் துறையன்று. ஆனால் குழுச் சோதனை எங்கள் ஆட்களுக்குப் புதிதும் அன்று. மழைக்காலத்தில் தண்டவாளத்தின் ஓரமாகப் புதைத்த கேபிளில் ஈரம் இறங்கிவிடும். உள்ளே பல கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெகர் கருவியில் வைத்து, பூமிக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தால் பொழுது போய்விடும். ஆகவே கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டி ஒருமுறை மெகரைச் சுற்றுவோம். முள் நன்றாக ஏறினால் கட்டு முழுவதும் சுத்தம். இறங்கினால் கட்டைப் பாதியாகப் பிரித்து மறுபடி பார்ப்போம். பத்துக் கம்பியை ஒன்றாகக் கட்டுவதால் கசிவு மறைந்துவிடாது என்பது மின்சாரத்தில் உள்ள வசதி. உடல் சார்ந்த சோதனையில் அந்த வசதி இல்லை. கதை சிக்கலாவது அங்கேதான்.

டார்ஃப்மன் போட்ட கணக்கு

1943-இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர் இதை முதன்முதலாகக் கணிதக் கட்டுரையாக எழுதினார். உலகப் போருக்காகப் படையில் சேர வந்த லட்சக்கணக்கான இளைஞர்களின் ரத்தத்தில் சிஃபிலிஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை என்பது அவருக்கு வீணாகப்பட்டது. பத்துப் பேர் ரத்தத்தில் சிறிது சிறிது எடுத்துக் கலந்து சோதிக்கலாம். நெகட்டிவ் என்றால் பத்துப் பேரையும் அனுப்பிவிடலாம். பாசிட்டிவ் என்றால் மட்டும் அந்தப் பத்துப் பேரையும் தனித்தனியே சோதிக்கலாம் என்றார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேர் என்றால் 100 குழுக்கள், அதற்கு 100 சோதனை. ஒரு குழுவில் பத்துப் பேரும் நோயற்றவராக இருக்கும் வாய்ப்பு 0.99-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.904. ஆகவே சராசரியாக 9 அல்லது 10 குழுக்கள் பாசிட்டிவ் ஆகும். அவற்றுக்கு இன்னும் 96 சோதனை. மொத்தம் 196. ஆயிரத்தில் முடிய வேண்டியது இருநூறுக்குள் முடிகிறது. ஆனால் நூற்றுக்கு முப்பது பேருக்கு நோய் இருந்தால் அநேகமாக எல்லாக் குழுவும் பாசிட்டிவ் ஆகி, மொத்தம் 1072 சோதனை தேவைப்படும். தனித்தனியாகச் செய்வதைவிட மோசம். நோய் அரிதாக இருக்கும்போது மட்டுமே இது லாபம்.

டார்ஃப்மனின் யோசனை அன்று நடைமுறைக்கு வரவில்லை. கலந்த ரத்தத்தில் நோயின் அடையாளம் நீர்த்துப்போகிறது என்பது பெரிய தடையாக இருந்தது.

எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி நம் நாட்டில் எழுந்தது. 2020 ஜனவரி 30 அன்று, வூஹானிலிருந்து கேரளத்துக்குத் திரும்பிய மாணவிக்குக் கோவிட் என்று உறுதியானது. அந்தச் சோதனை நடந்தது நம் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையத்தில். மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் நோயாளிகள் புனேயிலேயே கண்டறியப்பட்டார்கள். சோதனைக்கான கருவிப்பெட்டிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஏப்ரல் 13 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் குழுச் சோதனைக்கு வழிகாட்டு நெறி ஒன்றை வெளியிட்டது. ஒரு குழாயில் 5 பேருக்கு மேல் கூடாது. நோய் நூற்றுக்கு 2-க்குக் குறைவாக உள்ள இடங்களில் பயன்படுத்தலாம். 2 முதல் 5 வரை என்றால், அறிகுறி இல்லாதவர்களிடையே நடத்தும் கணக்கெடுப்புக்கு மட்டும். 5-க்கு மேல் வேண்டாம். மேலே போட்ட கணக்கைப் பார்த்தவருக்கு இந்த வரம்புகள் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இம்முறையைத் தொடக்கத்திலேயே கையாண்ட இடங்களில் அந்தமானும் ஒன்று.

பொய் சொல்லும் குழாய்

ஆர்டி-பிசிஆர் சோதனையில் கிருமியின் மரபுப்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எத்தனையாவது சுற்றில் கருவிக்குத் தெரிகிறது என்பதே அளவு. சீக்கிரம் தெரிந்தால் கிருமி அதிகம். நம் நாட்டில் 35-ஆம் சுற்றை எல்லையாக வைத்திருந்தார்கள். ஐந்து பேரைக் கலந்தால் ஒருவருடைய கிருமி ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட இரண்டேகால் சுற்றுக்குச் சற்று அதிகம் வேண்டும். பத்துப் பேர் என்றால் மூன்றேகால் சுற்றுக்கு மேல். 33-ஆம் சுற்றில் தெரிய வேண்டிய ஆள், பத்துப் பேர் கலந்த குழாயில் 36-ஐத் தாண்டிப் போய்விடுவார். குழாய் ‘நெகட்டிவ்’ என்று சொல்லிவிடும். டார்ஃப்மன் முறையில் அத்தோடு அவர் கதை முடிந்தது. மறுபடி யாரும் அவரைத் தேடப்போவதில்லை.

நீர்த்துப்போவதை ஒதுக்கிவைத்தாலும் இன்னொரு குறை உண்டு. நோயுள்ளவரை ஒரு சோதனை 100-க்கு 95 முறை சரியாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டார்ஃப்மன் முறையில் அவர் குழுவிலும் பிடிபட வேண்டும், பிறகு தனியாகவும் பிடிபட வேண்டும். இரண்டு வாயில்களையும் கடக்க வேண்டும். 0.95-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 0.90. தனிச் சோதனையில் நூறு நோயாளிகளில் 5 பேரைத் தவறவிட்டோம். இப்போது 10 பேரைத் தவறவிடுகிறோம். செலவு குறைந்ததைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

தவறிப்போன ஒருவர் என்றால் என்ன என்பதை எங்கள் குடியிருப்பில் 2020-இல் பார்த்தோம். பக்கத்துப் பிளாக்கில் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று. தம்பிக்குக் காய்ச்சல், ரிப்போர்ட் நெகட்டிவ். சளிக் காய்ச்சல்தானே என்று மூன்று நாள் வீட்டில் நடமாடினார். எண்பது வயது அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். நாலாம் நாள் மறுபடி சோதித்ததில் பாசிட்டிவ். அம்மா பதினெட்டு நாள் ஆக்சிஜனில் இருந்து மீண்டு வந்தார். எல்லா வீட்டிலும் அப்படி மீண்டு வரவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

எங்கள் துறையில் இப்படிப்பட்ட பயத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம். எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கில் பல இடங்களில் ஒரே கணக்கை மூன்று கணினிகள் தனித்தனியாகப் போடும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் சிக்னல் இறங்கும். ஒன்று பழுதானாலும் வண்டி ஓடும், ஆபத்தும் வராது. அதேபோல் ஒவ்வொரு மனிதரையும் மூன்று முறை சோதித்துப் பெரும்பான்மையை எடுக்கலாம். 49 பேருக்கு 147 சோதனை. யார் செலவு செய்வது? கருவிப்பெட்டிக்கே தட்டுப்பாடு இருந்த நாளில் அதை நினைக்கவும் முடியாது. 28 சோதனையில் அதற்கு நெருக்கமான காவலைப் பெற முடியும் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஏழு புள்ளி ஏழு வரிசை

நம் வீட்டுப் பெண்கள் மார்கழியில் போடும் நேர்புள்ளிக் கோலம் போல, ஏழு புள்ளி ஏழு வரிசை வையுங்கள். மொத்தம் 49 புள்ளி, 49 மனிதர்கள். கிடை வரிசைகளுக்கு 0 முதல் 6 வரை எண் கொடுங்கள். நெடுக்கு வரிசைகளுக்கும் அப்படியே. முருகன் கிடை 2, நெடுக்கு 5-இல் நிற்கிறார். மீனாட்சி கிடை 4, நெடுக்கு 1.

முதலில் ஒவ்வொரு கிடை வரிசைக்கும் ஒரு குழாய். அந்த வரிசையின் 7 பேர் மாதிரியும் அதில். அடுத்து ஒவ்வொரு நெடுக்கு வரிசைக்கும் ஒரு குழாய். ஆக 14 குழாய்கள். நோயாளி ஒருவர் மட்டும் இருந்தால் இதுவே போதும். ஒரு கிடை, ஒரு நெடுக்கு பாசிட்டிவ் ஆகும். அவை வெட்டும் புள்ளியே ஆள். ஆனால் முருகன், மீனாட்சி இருவருக்கும் நோய் என்றால் கிடை 2, 4, நெடுக்கு 1, 5 என்று நான்கு குழாய் பாசிட்டிவ் ஆகும். அவை வெட்டும் இடங்கள் நான்கு. அவற்றில் இரண்டு பொய்யானவை. (2,1)-இலும் (4,5)-இலும் நிற்கும் ஆரோக்கியமான இருவர் மாட்டிக்கொள்வார்கள். இவர்களை ஆவிகள் என்று அழைப்பேன்.

ஆவிகளை ஓட்ட மூன்றாவது திசை வேண்டும். ஒவ்வொருவருக்கும் கிடை எண்ணையும் நெடுக்கு எண்ணையும் கூட்டுங்கள். கிழமைக் கணக்குப் போல, 7 வந்தால் 0, 8 வந்தால் 1. அதாவது 7-ஆல் வகுத்த மீதி. இதைச் சாய்வு எண் என்போம். சாய்வு எண் ஒன்றாக இருப்பவர்கள் ஒரு குழாயில். கோலத்தில் பார்த்தால் மூலைவாட்டாக ஓடி, ஓரத்தில் மறைந்து மறுபக்கத்தில் தொடரும் கோடு. முருகனுக்கு 2+5=7, சாய்வு 0. மீனாட்சிக்குச் சாய்வு 5. ஆவிகளுக்கு? (2,1)-க்குச் சாய்வு 3, (4,5)-க்கு 9-இல் 7 போக 2. சாய்வு 3-ம் 2-ம் நெகட்டிவ். ஆவிகள் ஓடிவிட்டன. 21 குழாயில் 49 பேரில் இருவர் வரை நிச்சயமாகப் பிடிக்கலாம்.

நான்காவது திசைக்கு, நெடுக்கு எண்ணை இரட்டித்துக் கிடை எண்ணோடு கூட்டுங்கள். சதுரங்கத்தில் குதிரை பாய்வதுபோல் ஒரு கட்டம் பக்கவாட்டில், இரண்டு கட்டம் மேலே என்று இந்தக் கோடு போகும். ஆகவே குதிரை எண். முருகனுக்கு 2+10=12, மீதி 5. மீனாட்சிக்கு 4+2=6. இப்போது ஒவ்வொருவரும் நான்கு குழாயில் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் ஏழு பேர். மொத்தம் 28 குழாய்.

இதில் உள்ள சூட்சுமம் ஒன்றே ஒன்று. எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் ஒரு குழாய்க்கு மேல் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஒரே கிடையும் ஒரே சாய்வும் உள்ள இருவருக்கு நெடுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இருவரும் ஒரே ஆள். மற்ற திசைகளையும் பிள்ளைகள் இப்படியே சரிபார்க்கலாம். ஏன் ஏழு, ஆறு ஆகாதா என்று கேட்பார்கள். ஆறில் இரட்டித்தால் கெட்டுவிடும். 3-ஐ இரட்டித்தால் 6, அது 0 ஆகிவிடும். ஒரே கிடையில் மூன்று இடம் தள்ளி நிற்கும் இருவர் குதிரைக் குழாயிலும் சந்தித்துவிடுவார்கள். பகா எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஒரு குழாயைப் பொய் சொல்ல வைப்போம். சாய்வு 5 பாசிட்டிவ் ஆக வேண்டியது. நெகட்டிவ் என்று சொல்லிவிட்டது. டார்ஃப்மன் முறையாக இருந்தால் மீனாட்சி வீட்டுக்குப் போயிருப்பார். இங்கே அவருடைய மற்ற மூன்று குழாய்களும் பாசிட்டிவ். ஒன்று மட்டும் முரண்படுகிறது. முருகனுக்கு நான்கும் பாசிட்டிவ். ஆவி (2,1)-க்குச் சாய்வு 3, குதிரை 4 இரண்டும் நெகட்டிவ். ஆவி (4,5)-க்குச் சாய்வு 2, குதிரை 0 இரண்டும் நெகட்டிவ். மற்ற 45 பேரையும் நான் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு நெகட்டிவ் உண்டு. ‘முருகன், மீனாட்சி’ என்ற விடை ஒரே ஒரு பிழையோடு கணக்கைத் தீர்க்கிறது. வேறு எந்த விடையும் இரண்டு பிழைக்குக் குறையாமல் கேட்கும்.

இது இந்த உதாரணத்துக்கு மட்டும் அமைந்த அதிர்ஷ்டம் அன்று. இரண்டு பேருக்கு மேற்படாத எந்த இரு பெயர்ப்பட்டியலை எடுத்தாலும், அவை தரும் குழாய் விடைகள் குறைந்தது மூன்று இடத்தில் வேறுபடும். ஒரு பிழை நேர்ந்தால் உண்மையிலிருந்து ஓரடி விலகுகிறோம். மற்ற எந்தப் பொய்யிலிருந்தும் இன்னும் இரண்டடியாவது தள்ளித்தான் நிற்கிறோம். ஆகவே திரும்ப வழி தெரிகிறது. நெகட்டிவ் குழாய் தவறிப் பாசிட்டிவ் ஆனாலும் இதே நியாயம்தான். நம் இதழில் ‘தமிழ்நாட’ என்று அச்சுப்பிழை வந்தால் யாரும் குழம்புவதில்லை. அதற்கு அருகில் வேறு சொல் இல்லை. ‘பாட்டு’ என்பது கால் விழுந்து ‘பட்டு’ என்று வந்தால் பொருளே மாறிவிடும். குழுக்களை அமைப்பவர் செய்வதெல்லாம் பட்டும் பாட்டும் அருகருகே வராமல் பார்த்துக்கொள்வதுதான். ரயில் டிக்கெட்டில் வரும் க்யூஆர் கட்டத்தில் கீறல் விழுந்தாலும் கருவி படித்துவிடுவதும் இந்த வகைக் கணக்கால்தான்.

நூறு பேரும் ஸ்ரீகண்டேயும்

குடியிருப்பில் 100 பேர், பத்துக்குப் பத்து நிற்க வைக்கலாமே என்று தோன்றும். பத்து பகா எண் அன்று. மேலே சொன்ன தந்திரம் பலிக்காது. வேறு தந்திரத்தால் நான்கு திசை கிடைக்குமா? ஆய்லர் என்ற மாமேதை 1782-இல் முடியாது என்று ஊகித்தார். 6, 10, 14, 18 என்று போகும் எண்கள் எதற்கும் முடியாது என்பது அவர் கருத்து. ஆறுக்கு அவர் சொன்னது சரி. மற்றவற்றை 1959-இல் மூன்று பேர் பொய்யாக்கினார்கள். ராஜ் சந்திர போஸ், அவரிடம் ஆராய்ச்சி செய்த சரத்சந்திர சங்கர ஸ்ரீகண்டே, அமெரிக்கரான பார்க்கர். போஸும் ஸ்ரீகண்டேயும் முதலில் 22-க்கு அமைத்துக் காட்டினார்கள். பார்க்கர் 10-க்கு அமைத்தார். பிறகு மூவரும் சேர்ந்து, 2-ம் 6-ம் தவிர எல்லாவற்றுக்கும் முடியும் என்று நிறுவினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் போட்டது.

சுடோகு போடுகிறவர்களுக்கு இந்தச் சதுரம் அந்நியமாக இராது. ஒவ்வொரு கிடையிலும் நெடுக்கிலும் பத்து எண்ணும் ஒருமுறை வரும். அப்படி இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த ஜோடியும் திரும்ப வராது. கிடை, நெடுக்கு, முதல் சதுரத்தின் எண், இரண்டாம் சதுரத்தின் எண்: இவை நான்கு திசை. 40 குழாயில் 100 பேர், இருவர் வரை நோயாளி, ஒரு குழாய் பொய் சொன்னாலும் சரியான விடை. ஐந்தாவது திசை பத்துக்குக் கிடைக்குமா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது.

ஸ்ரீகண்டே மராட்டியர். மும்பைப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தவர். குழுச் சோதனைக்கான அந்த வழிகாட்டு நெறி வெளியான எட்டாம் நாள், 2020 ஏப்ரல் 21 அன்று, ஊரடங்கின் நடுவே 102 வயதில் காலமானார். செய்தித்தாளில் சிறிய இடமே கிடைத்தது.

பதினைந்து மாணவிகள், பொவாய்

அதே மாதங்களில் மும்பை பொவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில் மனோஜ் கோபாலகிருஷ்ணன், அஜித் ராஜ்வாடே ஆகியோரின் குழு, பெங்களூரு உயிரியல் ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து ‘டாபெஸ்ட்ரி’ என்ற முறையை உருவாக்கியது. ஒரே சுற்றில் முடிய வேண்டும், மறுபடி ஆளைக் கூப்பிடக் கூடாது என்பது நோக்கம். அவர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது 1850-இல் இங்கிலாந்துப் பாதிரியார் கிர்க்மன் வெளியிட்ட புதிர். பதினைந்து மாணவிகள் தினமும் மூவர் மூவராக ஐந்து வரிசையில் உலாவப் போகிறார்கள். ஏழு நாளில் எந்த இருவரும் ஒருமுறைக்கு மேல் ஒரே வரிசையில் வரக் கூடாது. எப்படி?

மாணவிகளைக் குழாய்களாகவும், மூவர் வரிசைகளைச் சோதிக்க வேண்டிய மனிதர்களாகவும் மாற்றிப் படியுங்கள். ஏழு நாளில் 35 வரிசை. ஆக 35 பேர், 15 குழாய், ஆளுக்கு மூன்று குழாய், குழாய்க்கு ஏழு பேர். இரு மாணவிகள் மீண்டும் சேராததால், இரு மனிதர்கள் ஒரு குழாய்க்கு மேல் சேர மாட்டார்கள். நம் கோலத்தின் அதே சூட்சுமம். எந்தெந்த எண்ணிக்கை மாணவிகளுக்கு இப்படி அமைக்கலாம் என்ற முழு விடையை 1971-இல் வெளியிட்டவர்கள் வங்காளியான ராய்-சௌத்ரியும் வில்சனும். பொவாய்க் குழு 45 குழாயில் 105 பேர், 93 குழாயில் 961 பேர் என்றெல்லாம் அமைத்தது. குழாய் பாசிட்டிவா என்பதோடு நில்லாமல், எத்தனையாவது சுற்றில் தெரிந்தது என்ற அளவையும் கணக்கில் எடுத்தார்கள். ஒருவரிடம் உள்ள கிருமியின் அளவு அவருடைய மூன்று குழாய்களிலும் ஒத்துப்பேச வேண்டும். ஆவிகளை அடையாளம் காண இது நல்ல உபாயம். அதே 2020-இல் இஸ்ரேலில் 384 பேரை 48 குழாயில், ஆளுக்கு ஆறு குழாயாகப் பிரித்துச் சோதித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது க்யூஆர் கட்டத்துக்குள் இருக்கும் அதே ரீட்-சாலமன் குறிமுறை.

எதற்கு இது பலிக்காது

முன்பு போட்ட 95 கணக்குக்குத் திரும்புவோம். நான்கு குழாயும் கட்டாயம் பாசிட்டிவ் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், நோயாளி பிடிபடும் வாய்ப்பு 0.81-ஆக விழுந்துவிடும். நான்கில் மூன்று போதும் என்றால் 0.986. நூறு நோயாளிகளில் தவறுவது ஒன்று அல்லது இரண்டு பேர். தனித்தனியே சோதித்தபோது ஐந்து பேர் தவறினார்கள். குறைந்த சோதனையில் அதிகக் காவல் என்பது ஏமாற்று அன்று. பிழைக்கு இடம் விட்டுத் திட்டமிட்டதன் பலன்.

ஆனால் இந்த 0.986 ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. நான்கு குழாய்களின் பிழைகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். மூக்கில் குச்சி சரியாகப் போகாமல் மாதிரியே வெறுமையாக இருந்தால் நான்கும் சேர்ந்து பொய் சொல்லும். எந்தச் சதுரமும் அதைத் திருத்தாது. நான்கு சிக்னலுக்கும் ஒரே ஃப்யூஸ் வைத்தால் நான்கு வைத்தும் பயனில்லை என்பது எங்கள் துறையில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது. நீர்த்துப்போவதும் அப்படித்தான். ஏழு பேர் கலந்தால் இரண்டே முக்கால் சுற்றுக்கு மேல் போகும். கிருமி மிகக் குறைவாக உள்ளவர் நான்கு குழாயிலும் ஒருசேர மறைந்துவிடலாம்.

இன்னொன்று கைவேலை. 49 பேருக்கு 196 முறை சொட்டு விட வேண்டும். களைத்த கை வரிசை மாறிவிட்டால் அது ஒரு குழாய்ப் பிழையோடு நிற்காது. எந்தக் குழாயில் யாரை விடுவது என்று சொல்லும் கைப்பேசிச் செயலியைப் பொவாய்க் குழு செய்ததற்கும் இதுதான் காரணம். நோயாளிகள் இருவர் என்பது மூவர், நால்வர் ஆனால் உத்தரவாதம் போய்விடும். குழாய்கள் வரிசையாகப் பாசிட்டிவ் ஆவதைப் பார்த்ததும், இங்கே குழுச் சோதனைக்கு இடமில்லை என்று நிறுத்தத் தெரிய வேண்டும். இருவருக்கு மேல் வாய்ப்பில்லாத இடங்களுக்கு, உதாரணமாக அறிகுறி ஏதுமற்ற ஒரு விடுதிக்கோ பட்டறைக்கோ, 49 பேர் கோலமே போதும் என்பது என் கருத்து.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. அதே ஏழு புள்ளி ஏழு வரிசை. பாசிட்டிவ் ஆன குழாய்கள்: கிடை 1, நெடுக்கு 2, நெடுக்கு 4, சாய்வு 2, சாய்வு 3, குதிரை 5, குதிரை 6. மற்றவை எல்லாம் நெகட்டிவ். நோயாளிகள் இருவருக்கு மேல் இல்லை. 28 குழாயில் ஒன்று மட்டும் பொய் சொல்கிறது. அந்தக் குழாய் எது, அந்த இருவர் எங்கே நிற்கிறார்கள்? விடை அடுத்த இதழில்.